இடது கன்னம்

சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும் ஆளை நிறுத்தி, "ஏதாச்சும் ஒரு வார்த்தை பேசு கண்ணு" என்று நான் கேட்பதை வைத்து நீங்கள் இரண்டு பேரும் பல வருஷமாக என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். தேவி எனக்கு டிக்கெட் பரிசோதகர் என்று பெயர் வைத்தாள். பிரபு வாயை ஆவென்று திறந்து காட்டி, "டிக்கெட் இருக்குதுங்க சார்" என்பான். உங்கள் அம்மாவும் சிரிப்பாள், நானும் சிரித்துக்கொள்வேன். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னதில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள் அல்லவா, அன்றைக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் பிரிவுக்கு இப்போது ஒரு மிஷின் வந்திருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, நோயாளி விழுங்கும்போது சோறு எந்தப் பக்கம் போகிறது என்று டிவியில் பார்த்துவிடலாம். "இதெல்லாம் இல்லாத காலத்துல எப்படீங்ணா கண்டுபுடிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். சிரிக்கும்படியாக இரண்டு கதை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இதில் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் மில்லில் இருந்தது உங்களுக்குத் தெரியும். சிங்காநல்லூரில் மில்லை மூடியபோது தேவி கைக்குழந்தை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளாகச் சேர்ந்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, படுக்கை மாற்றுவது, மலஜலம் எடுப்பது என்று சில வருஷம் போயிற்று. அப்புறம்தான் ஜிஷா மேடம் வந்தார். பாலக்காட்டுக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பக்கவாதம் வந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள், இவர்களுக்குப் பேச்சும் விழுங்குவதும் திரும்ப வர வைப்பது அவர் வேலை. ஊட்டிப் பழக்க ஒரு ஆள் வேண்டும் என்று வார்டு சிஸ்டரிடம் கேட்டார். சிஸ்டர் என்னைக் காட்டி, "இவரு ஊட்டுனா ஒரு டம்ளர் கஞ்சிக்கு அரை மணி நேரமாகுங்க மேடம்" என்று குறையாகத்தான் சொன்னார்.

"அவர் மதி" என்றார் மேடம். மதி என்றால் அவர்கள் ஊரில் போதும் என்று அர்த்தம்.

மேடம் அதிகம் பேசமாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நின்றுகொண்டு ஊட்டினால் மட்டும் கோபம் வரும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, நம் கண் நோயாளியின் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி உட்கார வேண்டும். நின்று ஊட்டினால் அவர் தலையைத் தூக்குவார், தலை தூக்கினால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். தாடை நெஞ்சைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும்.

வேலை இப்படித்தான் நடக்கும். கட்டிலை நேராக நிமிர்த்தி, வலுவில்லாத தோளுக்குப் பின்னால் தலையணை வைக்க வேண்டும். ஊட்டுவதற்கு முன்னாலேயே வாயைத் துடைக்க வேண்டும். சுத்தமான வாயிலிருந்து ஒரு சொட்டு நுரையீரலுக்குப் போனால் ஆள் தப்பித்துக்கொள்ளலாம், அழுக்கு வாயிலிருந்து போனால் சிரமம் என்பார் மேடம். அப்புறம் கஞ்சியின் பதம். எல்லோரும் தண்ணீரைத்தான் லேசானது என்று நினைக்கிறோம். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. தொண்டை மூடுவதற்கு முன்னால் அது ஓடிப் போய்விடும். அதனால் பாயசப் பதம், தேன் பதம், களிப் பதம் என்று மேடம் மூன்று வைத்திருந்தார். சமையலறையிலிருந்து வரும் கஞ்சியைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பார். ஒழுகினால் திருப்பி அனுப்பிவிடுவார். சமையல்காரர் என்னைத்தான் திட்டுவார்.

அரை ஸ்பூன்தான் வைக்க வேண்டும். வலுவுள்ள பக்கத்து நாக்கின்மேல் வைத்துவிட்டு, தொண்டைக்குமிழில் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும். குமிழ் மேலே ஏறி இறங்கினால் விழுங்கியாயிற்று. சும்மா ஒருமுறை எச்சிலை விழுங்கச் சொல்ல வேண்டும். பிறகு பேச வைக்க வேண்டும். கடைசியாக வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து, கன்னத்துக்குள் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கியிருந்தால் விரலில் துணி சுற்றித் துடைத்தெடுக்க வேண்டும். அப்புறமும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கட்டம். செய்ததும் டிக் போட வேண்டும்.

பேச வைப்பது எதற்கென்று அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தோட்டத்து அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். மூக்கில் குழாயோடு இருந்தார். நம் ஆட்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே "சாப்டீங்களா?" என்பார்கள். மூக்குக் குழாயில் பால் ஏறிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா, "ஆச்சுங்க, நீங்க?" என்பார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் நான் "எறங்குச்சுங்களா?" என்று கேட்பேன். "எறங்கிருச்சு தம்பி" என்பார். மேடம் என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"அண்ணா, அவங்க சொல்றதக் கேட்க வேண்டாம். குரலைக் கேளுங்க."

மூன்றாவது ஸ்பூனுக்கும் அதே வார்த்தைதான் வந்தது. ஆனால் தண்ணீர் நிறைந்த குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல அடியில் ஒரு குமிழிச் சத்தம் இருந்தது. கண்ணைத் திறந்து ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். மேடம் தலையை ஆட்டினார். இருமல் வராமலே மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்குவது அப்படித்தான் தெரியும். கஞ்சியை இன்னும் கெட்டியாக்கினோம். ஐஸில் நனைத்த ஸ்பூனால் தொண்டையை உசுப்பி, நாக்குப் பயிற்சி கொடுத்து, ஒன்றரை மாதத்தில் அந்த அம்மா தன் கையால் கம்மங்கூழ் குடித்துவிட்டு ஊருக்குப் போனார். அன்றிலிருந்து நான் யாருடைய பதிலையும் நம்புவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை ரங்கசாமி மேஸ்திரி வரும்வரைக்கும்தான் நீடித்தது.

மேஸ்திரியை நீங்கள் பார்த்ததில்லை. மில்லில் நூல் நூற்கும் பிரிவில் எங்களுக்கு மேலே இருந்தவர். ஷிப்டு முடிகிறபோது மிஷினுக்கு அடியில் ஒட்டிய பஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். "தொடைச்சாச்சா?" என்று அவர் யாரையும் கேட்டதில்லை. நேராக வந்து மிஷினுக்கு அடியில் விரலை விட்டு இழுப்பார். விரலில் பஞ்சு இருந்தால் அந்த விரலை நம் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பார். திட்டமாட்டார். நாம் மறுபடி குனிந்து துடைக்கும்வரை அந்த விரல் இறங்காது. மில் மூடிப் பல வருஷம் ஆன பிறகும், பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தால் மடித்துக் கட்டிய வேட்டியை நான் இறக்கிவிடுவேன். அவர் முன்னால் உட்கார்ந்து பேசியதில்லை.

அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு குழறி, மூக்கில் குழாயோடு எங்கள் வார்டுக்கு வந்தார். குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டதால் வலது கையைத் துணியால் கட்டிலோடு கட்டிவைத்திருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி சுப்பாத்தாள் அம்மா. நான் கஞ்சியோடு போய் நின்றதும் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம மில்லுக்காரனா நீயி?"

"ஆமாங்க மேஸ்திரி."

"இந்தக் கட்ட அவுத்துடு."

சிஸ்டரைக் கேட்டு அவிழ்த்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் குழாயைத் தொடவில்லை.

டாக்டர் ஐந்து நாள் கெடு வைத்தார். அந்த ஐந்து நாளில் வாயால் போதிய அளவு சாப்பிட்டுக் காட்டினால் மூக்குக் குழாயை எடுத்துவிடலாம். இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டு, அதில் குழாய் வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். இதை அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். டாக்டர் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"வயித்துல ஓட்டை போட்டா நா ஊட்டுக்கு வாரதில்லைன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடு."

மேடத்திடம் சொன்னேன். மேடம், "ஓட்டை வேண்டாம், நாம முயற்சிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, இவருக்கு இடது கன்னத்துக்குள் உணர்ச்சியே இல்லை, சோறு அங்கே தங்கினால் அவருக்கே தெரியாது, குரலிலும் தெரியாது, மூன்று ஸ்பூனுக்கு ஒருமுறை உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்றார். சரி என்றேன்.

முதல் நாள் மேடமே செய்தார். "வாய் தொறங்க அப்பா" என்று சொல்லி டார்ச் அடித்து, துணி சுற்றிய விரலைக் கன்னத்துக்குள் விட்டுச் சுழற்றினார். கொஞ்சம் கஞ்சி வந்தது. மேஸ்திரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுப்பாத்தாள் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அவமானப்பட்டதை நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் மேடம் என்னிடம் விட்டுவிட்டார். ஊட்டினேன். குமிழ் ஏறி இறங்கியது. குரல் சுத்தமாக இருந்தது. டார்ச்சைக் கையில் எடுத்தேன். வாயைத் திறங்கள் என்று மேஸ்திரியிடம் எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் வாய்க்குள் என் விரலை விடுவதை நினைக்கவே முடியவில்லை. அதனால் கேட்டேன்.

"மேஸ்திரிங்க, அல்லாம் எறங்கிருச்சுங்களா?"

"எறங்கிருச்சு."

டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தாளில் வாய் பார்த்தாயிற்று என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மூன்றாம் நாளும் அப்படியே. ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் போன பிறகு சுப்பாத்தாள் அம்மா ஈரத்துணியால் அவர் வாயை ஒருமுறை துடைத்துவிடுவாராம். கட்டிய மனைவியிடம் வாயைத் திறக்க அவருக்குக் கூச்சமில்லை. என் வேலையை அந்த அம்மா செய்துகொண்டிருந்தார். அவருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது.

நான்காம் நாள் சுப்பாத்தாள் அம்மா வீட்டிலிருந்து அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்தார். குழைய வேகவைத்து, நெய் விட்டு மத்தால் மசித்திருந்தார். மேடம் முள்கரண்டியால் அழுத்திப் பார்த்தார், ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தார், கொடுக்கலாம் என்றார். நான் ஊட்ட ஊட்ட அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பாதியில் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்து, "உப்பு சித்தக் கம்மி" என்றார்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "இத்தன நாளா வாயத் தொறக்கல. தொறந்ததும் குத்தம் சொல்றாரு பாருங்க தம்பி."

டப்பா காலியாயிற்று. குழாயை எடுத்துவிடலாம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பழைய மில் ஆட்கள் நாலு பேர் பார்க்க வந்தார்கள். மேஸ்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சுப்பாத்தாள் அம்மா வந்தவர்களுக்கு ஸ்டூல் தேடி, டீ வாங்கிவரப் போய்விட்டார். அன்றைக்கு ஈரத்துணி மறந்துபோயிற்று. நான் வழக்கம்போலக் கேட்டேன். நாலு பேருக்கு முன்னால் அவரும் "எறங்கிருச்சு, நீ போயி உன்ற வேலையப் பாரு" என்றார். நான் டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அரை மணி நேரம் உட்கார்ந்துதான் இருந்தார், அதில் குறையில்லை. பிறகு கால் பயிற்சிக்காக அவரைத் தட்டையாகப் படுக்க வைத்தார்கள். சாயங்காலம் காய்ச்சல் வந்தது. மூச்சு வேகமாகிவிட்டது. மேடம் ஓடி வந்து கட்டிலை நிமிர்த்தினார். டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தார். இடது கன்னத்துக்குள் மதியம் ஊட்டிய சோறு நெல்லிக்காய் அளவுக்கு அப்படியே இருந்தது. அதைத் துணியால் எடுத்துத் தட்டில் வைத்தார். தட்டைப் பார்த்தார். கட்டிலில் தொங்கிய தாளைப் பார்த்தார். அதில் என் டிக் இருந்தது.

"அண்ணா, நீங்க நோக்கினீங்களா?"

"இல்லீங்க மேடம். கேட்டேனுங்க."

"யாரைக் கேட்டீங்க?"

"மேஸ்திரியத்தானுங்க."

மேஸ்திரி மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தத் தட்டையும் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை. தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். அங்கே போன ஒன்பதாவது நாள் இறந்துபோனார். மூக்குக் குழாய் கடைசிவரை இருந்தது.

வெறும் எச்சில் இறங்கினாலும் இப்படி ஆகலாம், சோறுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் உள்ளே பார்க்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் இறந்த மறுநாள் காலை மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் கஞ்சி, பக்கத்தில் துணி, டார்ச். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஸ்பூன் கஞ்சியை வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"என் வாய நோக்குங்க."

எனக்கு மேலே இருப்பவர், அதிலும் ஒரு பெண்பிள்ளை. "மேடம், எறங்கிருச்சுங்களா?" என்று என் வாயிலிருந்து அதுவேதான் வந்தது.

"எறங்கிருச்சு" என்றார் மேடம். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது.

அப்புறம்தான் "வாயத் தொறங்க" என்றேன். சத்தமே வரவில்லை. அவர் திறக்கவில்லை. இரண்டாவது முறை சொன்னேன், திறக்கவில்லை. மூன்றாவது முறை கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். திறந்தார். துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்தெடுத்தேன். அந்த மாதம் முழுக்க தினமும் காலையில் இது நடந்தது. சில நாள் வலது கன்னம், சில நாள் நாக்குக்கு அடியில். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், பக்கத்தில் நின்று பார்க்காமல் என்னிடம் ஒப்படைத்தது தன் தவறு என்று மேடம் தன் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார். அதைச் சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பின் இத்தனை வருஷத்தில் ஒரு வாயைக்கூட நான் பார்க்காமல் டிக் போட்டதில்லை. கலெக்டர் ஆபீஸில் பெரிய பதவியில் இருந்தவர், கோயில் குருக்கள், எனக்குச் சம்பளம் கொடுத்தவரின் தகப்பனார், எல்லோர் வாயையும் திறக்கச் சொல்லியிருக்கிறேன். சிலர் திட்டினார்கள். ஒருவர் விரலைக் கடித்துவிட்டார். அந்தத் தழும்பைத்தான் நீங்கள் மில் தழும்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கருமாதி முடிந்து சுப்பாத்தாள் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதே டப்பா, அதே அரிசிம்பருப்பு.

"கடசியா உங்க கையிலதானுங்க தம்பி திருப்தியாத் தின்னாரு. உங்களுக்குக் குடுக்கோணும்னு இருந்துச்சு."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. அதற்கப்புறம் இரண்டு முறை, சொல்லியே தீர்வது என்று சிங்காநல்லூரில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே "வாங்க தம்பி, சாப்டீங்களா?" என்றார். "ஆச்சுங்க" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டு முறையும் நான் சாப்பிட்டிருக்கவில்லை. அவருக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகிறது, நன்றாகத்தான் இருக்கிறார். இதை எழுதி முடித்ததும் போக வேண்டும். தனியாகப் போனால் மறுபடியும் வாசலோடு திரும்பிவிடுவேன். உங்களில் ஒருவர் கூட வாருங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. பத்து நாளாகக் காப்பி குடிக்கும்போது எனக்குப் புரையேறுகிறது. குடித்து முடித்துப் பேசினால் என் குரல் என் காதுக்கே சரியாக இல்லை. நீங்கள் கவனிக்கவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்கு ஜிஷா மேடத்தைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒருநாள் நான் படுத்து, நீங்கள் எனக்கு ஊட்டும்படி ஆனால், அப்பா ஆயிற்றே என்று மரியாதை பார்க்காதீர்கள். இறங்கிவிட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் நான் "ஆச்சு கண்ணு" என்றுதான் சொல்வேன். வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் அதட்டுங்கள்.